மொட்டை மாடிப் பைகளுக்குத் தானியங்கி நீர்ப்பாசனம்: கத்திரி வெயிலுக்கு முன் வீட்டிலேயே அமைக்க முடியுமா?

ஆதம்பாக்கம் மாடி | ஏப்ரல் 5

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் 28 வளர்ப்புப் பைகளும், வீட்டு பால்கனியில் ஆறு மண் தொட்டிகளும் வைத்திருக்கிறேன். பைகளில் தக்காளி, வெண்டை, கத்தரி, கீரை ஆகியவையும், ஒரு பெரிய நீல டிரம்மில் கறிவேப்பிலையும் உள்ளன. மே மாதம் அக்னி நட்சத்திரம் தொடங்கியபின் இரண்டு வாரம் கும்பகோணத்தில் தங்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் ஒரு நாள், இரண்டு நாள் கேட்கலாம். அந்த வெயிலில் இரண்டு வாரம் மாடி ஏறி இறங்கச் சொல்ல மனம் வரவில்லை.

மேல்நிலைத் தொட்டி மாடிப்படி அறையின் கூரைமேல் இருக்கிறது. அதன் அடிப்பாகம் மாடித் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது அடி உயரம் இருக்கும். அது எல்லா வீட்டுக்கும் பொதுவான தொட்டி என்பதுதான் சிக்கல். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் உட்பட ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக நாள்கணக்கில் காத்திருந்த அனுபவம் எங்கள் சங்கத்தாருக்கு இன்னும் மறக்கவில்லை. "குழாய் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் செடியால் தொட்டி காலியானது என்று ஒரு நாளும் கேட்கக் கூடாது" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். மின் இணைப்பு மாடிப்படி அறைக்குள் ஒரு பிளக் அளவுக்கு உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிச்சிதெரு வாசி | ஏப்ரல் 5

வணக்கம் மேடம். நீங்கள் கேட்பது இன்று மிக எளிதாகச் செய்யக்கூடியது. ஒரு நோட்எம்சியு பலகை (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), நான்கு மண் ஈரப்பத உணரிகள், ஒரு ரிலே (பலகை இயக்கும் மின்சுவிட்ச்), 12 வோல்ட் சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறப்பது) ஆகியவை சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். மண்ணின் ஈரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வால்வு திறக்கும், ஈரம் ஏறியதும் மூடும். கும்பகோணத்தில் இருந்தபடியே கைப்பேசியில் உணரி வைத்த பைகளின் நிலையைப் பார்க்கலாம். உணரி வாங்கும்போது இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஈர மண்ணுக்குள் மின்னோட்டம் பாயும்போது அதன் பூச்சு மின்னாற்பகுப்பால் அரிக்கப்பட்டுவிடும். 'கெபாசிட்டிவ்' என்று கேட்டால் உலோகம் வெளியே தெரியாத வகையைக் கொடுப்பார்கள். அதிலும் பலகையின் வெட்டு விளிம்பு வழியாக ஈரம் உள்ளே புகும் என்பதால், விளிம்பைச் சுற்றி நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்துவிட வேண்டும்.

பெரம்பூர் பிட்டர் | ஏப்ரல் 6

அம்மா, தம்பி சொன்னதில் உணரியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த வால்வை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் அரை அங்குல பிளாஸ்டிக் சொலினாய்டு வால்வு, சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு நீரின் அழுத்தத்தைக் கொண்டுதான் திறக்கிறது, மூடுகிறது. குறைந்தது 0.2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வேண்டும் என்று அந்த வால்வின் விவரத்தாளிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும்.

இப்போது உங்கள் மாடிக் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் உயர நீர், சுமாராக ஒரு பார் அழுத்தம் தரும். ஒன்பது அடி என்பது 2.7 மீட்டர். பைகள் நிற்கும் ஸ்டாண்டு, பையின் உயரம் ஆகியவற்றைக் கழித்தால் இரண்டு மீட்டர்தான் மிஞ்சும், அதாவது 0.2 பார். குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் போய்விடும். ஆக, அந்த வால்வு வேலை செய்யும் எல்லைக்கோட்டின் மேலேயே நீங்கள் நிற்கிறீர்கள். திறக்காமல் போனால் செடிக்குத்தான் கேடு. சவ்வு சரியாக உட்காராமல் கசிந்தால் தொட்டி முழுவதும் இரவோடு இரவாக மாடியில் ஓடிவிடும்; செயலாளர் உங்களுக்குக் கும்பகோணத்துக்குத் தொலைபேசி செய்வார். வால்வு வேண்டும் என்றால், மோட்டாரால் திருகித் திறக்கும் பால் வால்வு (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை உள்ளது) வாங்குங்கள். அதற்கு அழுத்தம் தேவையில்லை.

எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்னும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் போகும்? பொதுத் தொட்டியோடு நேராக இணைத்தால் 'எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும்' என்பதுதான் விடை.

தென்னைநார் | ஏப்ரல் 6

நான் செடியின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். உணரி வைத்து நீர் விடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு, அதற்குக் காரணம் மின்னணுவியல் அல்ல. 28 பைகளில் நான்கில் உணரி வைத்தால் மீதி 24 பைகளும் அந்த நான்கைப் போலவே நடந்துகொள்ளும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கைப்பிடிச் சுவர் நிழலில் இருக்கும் பையும், மேற்கு வெயிலை மாலை வரை வாங்கும் பையும் ஒன்றாகுமா? உணரி வைத்த வெண்டைச் செடி பூச்சியால் பட்டுப்போய் வேர் நீரை உறிஞ்சாமல் நின்றுவிட்டால், அந்தப் பை ஈரமாகவே இருக்கும். கருவி 'தண்ணீர் போதும்' என்று முடிவு செய்துவிடும். உயிரோடு இருக்கும் மற்றவை காயும்.

தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த பைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் எளிதில் தண்ணீரை ஏற்காது. சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். ஊற்றும் நீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். மேலே ஊற்றியவருக்குப் பை நனைந்ததுபோல் தோன்றும், நடுவேர் காய்ந்து கிடக்கும். உணரி ஓரத்தில் செருகப்பட்டிருந்தால் அதற்கும் அப்படியே தோன்றும். இதற்கு வழி, ஒரே மூச்சில் விடாமல் விட்டு விட்டு விடுவது. விடியற்காலையில் பத்து நிமிடம், அரைமணி இடைவெளி, மீண்டும் பத்து நிமிடம். முதல் தவணை நாரை இளக்கும், இரண்டாவது தவணை வேருக்குப் போகும். நண்பகலில் விடாதீர்கள். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய்க்குள் தேங்கிய நீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும்.

ரிச்சிதெரு வாசி | ஏப்ரல் 6

வால்வைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் சார். உணரியை முழுவதும் ஒதுக்குவதை ஏற்கவில்லை. டைமர் மட்டும் வைத்தால், மே மாதத்தில் ஒரு நாள் இடியோடு மழை பெய்தாலும் மறுநாள் காலையில் அது வழக்கம்போல் தண்ணீர் விடும். அது வீண்தானே?

பெரம்பூர் பிட்டர் | ஏப்ரல் 7

வீண்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீண் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்: ஒரு நாள் தண்ணீர், நாற்பது ஐம்பது லிட்டர். வடிகால் துளை உள்ள பைக்கு அதனால் கேடு இல்லை. எதிர்ப்பக்கம், உணரி தவறாக 'ஈரம்' என்று சொல்லி மூன்று நாள் தண்ணீர் நின்றால் கத்திரி வெயிலில் என்ன மிஞ்சும்? இரண்டு தவறும் ஒரே எடை உள்ளவை அல்ல.

ஆதம்பாக்கம் மாடி | ஏப்ரல் 7

ஐயா, நீங்கள் கேட்கச் சொன்ன கேள்வியைச் செயலாளரிடமும் சொன்னேன். அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. பொதுத் தொட்டியோடு நேராக இணைக்காமல் வேறு எப்படிச் செய்வது? தனி டிரம் வைத்தால் அதை நாள்தோறும் யார் நிரப்புவது? மிதவை வால்வு வைத்துத் தொட்டியிலிருந்து நிரப்பினால், டிரம் காலியாகக் காலியாகத் தொட்டி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும் அல்லவா? இப்போது பை ஒன்றுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன்.

பெரம்பூர் பிட்டர் | ஏப்ரல் 8

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் அம்மா. டிரம்மும் மிதவையும் மட்டும் போதாது. டிரம்முக்குள் வரும் வழியைக் குறுக்க வேண்டும். அதற்குச் சொட்டுநீர்க் கடையில் கிடைக்கும் டிரிப்பரையே, அதாவது நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனையையே, பயன்படுத்தலாம்.

மூடியுள்ள நூறு லிட்டர் டிரம் ஒன்றை வாங்குங்கள். தொட்டியிலிருந்து வரும் அரை அங்குலக் குழாயில் ஒரு பால் வால்வு, அடுத்து 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வலை வடிகட்டி, அடுத்து மணிக்கு எட்டு லிட்டர் என்று குறித்த சாதாரண டிரிப்பர் ஒன்று, அதன்பின் மிதவை வால்வு. அழுத்தச் சீரமைப்பு உள்ள டிரிப்பர் (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு நீர் விடுவது) இந்த இடத்துக்கு ஆகாது. எட்டு லிட்டர் என்பது ஒரு பார் அழுத்தத்தில் வரும் அளவு. சாதாரண டிரிப்பரில் வரும் நீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். 0.2-இன் வர்க்கமூலம் 0.45, ஆக, மணிக்கு 3.6 லிட்டர்தான் வரும். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்தே இருந்தாலும் 86 லிட்டர். உங்கள் தேவை கத்திரியில் ஐம்பது லிட்டருக்குள் இருக்கும் என்பதால் அது போதும். கீழே எந்தக் குழாய் வெடித்தாலும், எந்த டைமர் சிக்கினாலும், யாரும் பார்க்காமல் போனாலும், பொதுத் தொட்டியிலிருந்து ஒரு நாளில் அந்த 86 லிட்டருக்குமேல் ஒரு சொட்டு வராது. இதைச் செயலாளரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

கோடையில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்குமேல் தாரா பாத்திரம் கட்டியிருப்பார்களே, நாள் முழுவதும் சொட்டினாலும் ஒரு குடத்துக்குமேல் செலவாகாது. அடித்துளையின் அளவு முடிவு செய்கிறது, அர்ச்சகர் அல்ல. அதே வேலைதான் இது.

இனி டிரம்மிலிருந்து பைக்கு. டிரம்மை மூன்றடி ஸ்டாண்டில் ஏற்றிப் புவியீர்ப்பிலேயே விடலாம். அதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஒரு மீட்டர் அழுத்தத்தில் ஓடும் அமைப்பில், ஒரு பை மற்றதைவிட முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 16 சதவீதம் தண்ணீர் குறையும். ஒரு பார் அழுத்தத்தில் ஓடினால் அதே உயர வேறுபாட்டுக்கு ஒன்றரை சதவீதம்தான் குறையும். மழைநீர் வடிய மாடித் தரையே ஒரு பக்கம் சரிவாகத்தான் இருக்கும். ஆகவே 12 வோல்ட் டயாபிரம் பம்ப் (ரப்பர் சவ்வு அசைந்து நீரைத் தள்ளும் வகை) ஒன்று வைத்து, பைகளுக்கு அழுத்தச் சீரமைப்பு உள்ள நான்கு லிட்டர் டிரிப்பர் போடுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரை பார் போதும்; மருந்தடிக்கும் பேட்டரித் தெளிப்பானில் இருக்கும் பம்பே அதைத் தாராளமாகத் தரும். தக்காளிக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று என்று மொத்தம் 36 டிரிப்பர் வைத்தால் மணிக்கு 144 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 2.4 லிட்டர். இருபது நிமிடத்தில் 48 லிட்டர். தென்னைநார் சொன்ன இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

டிரம்மைத் தூணுக்கோ பீமுக்கோ நேர் மேலாக, சுவர் ஓரமாக வையுங்கள். நூறு லிட்டர் நூறு கிலோ. தளத்தின் நடுவில் வைத்து, அடியில் ஈரம் தேங்கி, கீழ்வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கினால் அது வேறு வழக்கு.

ரிச்சிதெரு வாசி | ஏப்ரல் 8

டிரிப்பரை நுழைவாயில் காவலாக வைப்பது மிக நன்றாக இருக்கிறது சார், என் அமைப்பிலும் மாற்றப்போகிறேன். அதோடு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, சைபன். டிரம்மில் நீர்மட்டம் பைகளின் டிரிப்பரைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் நீர் ஓடிக்கொண்டிருக்கும். டயாபிரம் பம்புக்குள் வால்வு இருக்கிறதே என்று நினைக்கலாம். அது பின்னோக்கி வருவதைத்தான் தடுக்கும், முன்னோக்கிப் போவதை விட்டுவிடும். இரண்டு நிமிடம் ஓடிய பம்ப் டிரம் பாதியைக் காலி செய்ததற்கு டைமரைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். பம்பிலிருந்து வெளியேறும் குழாயை டிரம்மின் மேல்விளிம்பு வரை கொண்டுபோய், வளைவின் உச்சியில், டிரம்முக்கு உட்புறமாக, நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். பம்ப் ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் நீர் டிரம்முக்குள்ளேயே பீய்ச்சும். நின்றவுடன் அதே துளை வழியாகக் காற்று நுழைந்து ஓட்டத்தை அறுத்துவிடும். இந்தத் துளையில் கொஞ்சம் நீர் திரும்புவதால் பம்பின் திறனை நிமிடத்துக்கு நான்கு லிட்டர் சுற்றில் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, மின்சாரம். 230 வோல்ட் எதுவும் மாடிப்படி அறையைத் தாண்டி வெளியே வர வேண்டாம். டைமரும் அடாப்டரும் அறைக்குள், பம்புக்கு 12 வோல்ட் ஒயர் மட்டும் வெளியே. ஏர் கூலரில் இருக்கும் 230 வோல்ட் நீர் மோட்டாரை டிரம்முக்குள் போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். மோட்டாரின் காப்பு பழுதானால் நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அந்த பிளக் வரும் வழியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் மின்பணியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

டைமர் வாங்கும்போது, சுற்றிலும் பல் உள்ள சுழலும் வகை வேண்டாம். மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். ஒரு மணி நேரம் மின்வெட்டு என்றால் அதன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கும். சிறு பேட்டரி உள்ள டிஜிட்டல் வகை நேரத்தைக் காக்கும்; நிமிடக் கணக்கில் பல தவணை வைக்கலாம்.

திருவான்மியூர் காற்று | ஏப்ரல் 9

பால்கனித் தொட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஆறு தொட்டிக்குப் பம்பும் டைமரும் அதிகம். நான் திரி முறையைப் பயன்படுத்துகிறேன். மூடியுள்ள ஒரு பக்கெட், மூடியில் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு பாலியஸ்டர் கயிறு தொட்டி மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்துக்குப் போகிறது. பருத்தித் திரி சில வாரத்தில் மக்கிவிடும். பக்கெட் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். திரி நீரை ஒரு சாண் உயரத்துக்குமேல் இழுப்பதை நம்ப முடியாது. துளசி, மணி பிளாண்ட், ரோஜா எல்லாவற்றுக்கும் இது போதுமானதாக இருக்கிறது. மூடி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் கொசுப்புழு வந்துவிடும். டெங்கு ஆய்வுக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர் மாடி டிரம்மையும் திறந்து பார்ப்பார்.

பக்கெட்டை நிரப்புவது ஏசியிலிருந்து வடியும் நீர். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், செடி இலையின் ஓரம் கருகும். காற்றிலிருந்து குளிர்ந்து வடியும் நீரில் உப்பு இல்லை, சென்னைக் காற்றின் புழுக்கத்தில் ஒரு இரவுக்குப் பல லிட்டர் கிடைக்கும். சுருளின் தூசும் உலோகத் துகளும் அதில் இருக்கக்கூடும் என்பதால் கீரைக்கு விடுவதில்லை, பூச்செடிக்கு மட்டும். ஆர்ஓ கழிவுநீரை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். வடிகட்டியபின் மிஞ்சிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தென்னைநார் | ஏப்ரல் 9

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. சொட்டுநீரில் நனையும் பகுதியின் விளிம்பில் உப்பு ஒதுங்கிச் சேரும். பையின் மேற்பரப்பில் வெள்ளை வளையமாகவே தெரியும். மாதம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். டிரிப்பர் துளையிலும் அதே சுண்ணாம்பு படியும். கழற்றிக் காடியிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ இரவு முழுவதும் ஊறப்போட்டால் இளகிவிடும். குழாய் கறுப்பாகவே இருக்கட்டும். ஒளி ஊடுருவும் வெள்ளைக் குழாயில் பாசி பிடித்து அது வேறு அடைக்கும்.

தண்ணீர்த் தேவையைக் குறைப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள். ஐம்பது சதவீத நிழல்வலை ஒன்றை மேற்குப் பக்கமாகக் கட்டி, பைகளின் மேல் காய்ந்த இலையை இரண்டு அங்குலம் பரப்பினால் பாதி வேலை முடிந்தது. கறிவேப்பிலை டிரம்முக்கு, பூச்சில்லாத சுடுமண் கலயம் ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால் போதும். மண் காயக் காயச் சுவர் வழியாகக் கசிந்துகொள்ளும்.

பெரம்பூர் பிட்டர் | ஏப்ரல் 10

குழாய் போடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள் அம்மா. 16 மில்லிமீட்டர் பெருங்குழாய் பைகளின் வரிசையோடு ஓடும். அதிலிருந்து நான்கு மில்லிமீட்டர் சிறுகுழாய் ஒவ்வொரு பைக்கும் போகும். பல காணொளிகளில் சிறுகுழாயின் நுனியில், பைக்குள் டிரிப்பரைச் செருகிக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சிறுகுழாய் கழன்றாலோ அணில் கடித்தாலோ அந்த இடத்தில் தடையின்றி நீர் கொட்டும், அழுத்தம் விழுந்து மற்ற எல்லாப் பையும் பட்டினி கிடக்கும். டிரிப்பரைப் பெருங்குழாயிலேயே குத்திப் பொருத்தி, அதன் வாயிலிருந்து சிறுகுழாயைப் பைக்குக் கொண்டுபோங்கள். அப்போது சிறுகுழாய் எது ஆனாலும் அந்த ஒரு பையின் பங்கு மட்டும் தரையில் போகும்.

எல்லாம் பொருத்தியபின் பெருங்குழாயின் கடைசி மூடியைத் திறந்து முதலில் பம்பை ஓட்டுங்கள். துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள் முழுவதும் அதில் வெளியேறட்டும். பிறகு ஒவ்வொரு சிறுகுழாயின் நுனியையும் ஒரு பழைய டம்ளரில் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டி அளந்து பாருங்கள். நான்கு லிட்டர் டிரிப்பர் என்றால் 660 மில்லி சுற்றில் இருக்க வேண்டும். டம்ளர் சிறிதாக இருந்தால் மூன்று நிமிடம், 200 மில்லி. மிகவும் குறைவாக வருவதைக் கழற்றி மாற்றிவிடுங்கள்.

ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடத் தொடங்கிவிட வேண்டும். போகிற நாளில் பொருத்திய அமைப்பை நம்பிப் போகக் கூடாது.

ரிச்சிதெரு வாசி | ஏப்ரல் 10

உணரியை நான் இன்னும் விடவில்லை, ஆனால் இடத்தை மாற்றிவிட்டேன். பையில் வைக்காமல் டிரம்மில் ஒரு மிதவை சுவிட்சை அரை மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்துங்கள். காலையில் பம்ப் ஓடி முடித்ததும் மட்டம் அதற்குக் கீழே இறங்கும், மாலைக்குள் மீண்டும் மேலே ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் நோட்எம்சியு கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்பும். காலையில் இறங்கவில்லை என்றால் பம்ப் ஓடவில்லை. மாலையில் ஏறவில்லை என்றால் தொட்டியில் நீர் இல்லை அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. பம்பை இயக்குவது எப்போதும் டைமர்தான். இந்தப் பலகை பழுதானாலும், வைஃபை போனாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. பலகையில் டி1 அல்லது டி2 முனையில் சுவிட்சை இணையுங்கள். டி3, டி4 இரண்டும் பலகை தொடங்கும் முறையைத் தீர்மானிப்பவை, அவற்றில் சுவிட்ச் மூடியிருந்தால் பலகை சரியாகத் தொடங்காது.

பெரம்பூர் பிட்டர் | ஏப்ரல் 10

இது நன்று. இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆதம்பாக்கம் மாடி | ஜூன் 2

எல்லோருக்கும் நன்றியோடு எழுதுகிறேன். பிட்டர் ஐயா சொன்னபடி டிரம், நுழைவு டிரிப்பர், பம்ப் ஆகியவற்றையும், தம்பி சொன்ன காற்றுத் துளை, மிதவைச் செய்தி இரண்டையும் அமைத்தோம். 86 லிட்டர் கணக்கைச் செயலாளர் ஒரு வாளியை வைத்துத் தாமே அளந்து பார்த்தபின்தான் ஒப்புக்கொண்டார். வாளியில் மணிக்கு மூன்றரை லிட்டர் வந்தது.

நாங்கள் ஊரில் இருந்தபோது ஒரு நாள் காலையில் டிரம் மட்டம் இறங்கவில்லை என்று செய்தி வந்தது. கீழ்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டதில், விடியற்காலை முழுவதும் மின்சாரம் இல்லை என்று தெரிந்தது. டைமரின் கைவிசையை அழுத்தி ஓட்டிவிட்டு வந்தான். அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் அன்றைய தண்ணீர் தவறியிருக்கும். ஆகவே இப்போது மாலையிலும் ஐந்து நிமிடத் தவணை ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து பார்த்தபோது 28 பைகளில் இரண்டு கீரைப் பை மட்டும் காய்ந்திருந்தன. காக்கை இரண்டு சிறுகுழாயையும் பிடுங்கிப் பக்கத்துச் சுவர்மேல் போட்டிருக்கிறது. டிரிப்பர் பெருங்குழாயிலேயே இருந்ததால் மற்ற 26 பைகளுக்கும் அளவு குறையவில்லை. சிறுகுழாயை இப்போது பையின் விளிம்போடு கட்டுக்கம்பியால் கட்டிவிட்டேன். தக்காளி பச்சையாக இருக்கிறது, ஆனால் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. தண்ணீர் போதவில்லையா?

தென்னைநார் | ஜூன் 2

தண்ணீர்க் குறை இல்லை சகோதரி. கத்திரி வெயிலில், இரவிலும் சூடு இறங்காத நாள்களில், தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ காயாகாமல் உதிர்வது வழக்கம். தண்ணீரைக் கூட்டினால் வேர்தான் அழுகும். நுனியைக் கிள்ளிவிட்டு, நிழல்வலையை அப்படியே வைத்திருங்கள். வெயில் தணிந்ததும் புதுக் கிளையில் பூக்கும்.

ஆதம்பாக்கம் மாடி | ஜூன் 3

நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது ஐயா. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இதை அப்படியே விட்டுவைக்கலாமா?

பெரம்பூர் பிட்டர் | ஜூன் 3

வேண்டாம் அம்மா. மழை பிடித்ததும் நுழைவு பால் வால்வை மூடிவிட்டு, பம்பை ஓட்டி டிரம்மைக் காலி செய்யுங்கள். டிரம் காலியாகும்போதே கடைசி மூடியையும் திறந்துவிட்டால் குழாய்க்குள் சேர்ந்த வண்டல் அடித்துக்கொண்டு போகும். பம்பைக் கழற்றி உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வீட்டுக்குள் வையுங்கள். வடிகட்டி வலையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் காயவிடுங்கள். டிரம்மைக் கவிழ்த்து, புயல் காற்றில் உருளாதபடி ஸ்டாண்டோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். டைமரை மட்டும் பிளக்கிலேயே விட்டுவிடலாம், அதன் பேட்டரி இறங்காமல் இருக்கும். பொங்கல் கழித்து மாட்டும்போது டம்ளர் வைத்து மறுபடியும் ஒருமுறை அளந்துவிடுங்கள்; காய்ந்த சுண்ணாம்பால் நாலைந்து டிரிப்பராவது அடைத்திருக்கும்.